வாரத்துக்கு விட்ட ஜாடி

மூன்று வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மேஜைமேல் இருக்கும் கண்ணாடி ஜாடியை மூடிய நாளிலிருந்து யாரும் திறக்கவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை, ஆனாலும் உள்ளே செடிகள் பச்சைப்பசேலென்று வாழ்கின்றன என்ற கதை. பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்களைப் பெற்றவர்களிடம் சொன்னேன். செங்கத்திலிருந்து மலையேறும் பஸ்ஸின் கண்டக்டரிடம்கூடச் சொன்னேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "அப்ப நாங்க இன்னாத்துக்குங்க போர் போட்டு சாவறோம்?" என்றார். எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். அன்றைக்கு அவரிடம் கோபப்படாமல் பொறுமையாக விளக்கினேன்.

ஜவ்வாது மலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். சொந்த ஊர் கீழே கண்ணமங்கலம். மலைக்கு மாற்றல் போட்டால் அழுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். காரணம் என் கணவர். அவருக்கு வேலூரில் இன்னொரு குடும்பம் இருந்தது. அது எனக்குத் தெரிய ஆறு வருஷம் ஆனது. தெரிந்த அன்று, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மட்டும்தான் கேட்டேன். தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துக்கொண்டே, "சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார். ஆறு வருஷமாகச் சொல்லலாம் என்று இருந்தாராம். அடுத்த தோசைக்கு மாவை ஊற்றாமல் அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து வந்தவள், திரும்பிப் போகவில்லை.

மலையில் பள்ளிக்குப் பின்னால் எனக்கு ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. வடக்குப் பார்த்த ஜன்னல். நேர் வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் வரும். டெர்ரேரியம் வளர்க்கிறவர்களுக்கு இப்படி ஒரு ஜன்னல் கிடைப்பது வரம். அந்த ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், செல்போனில் வீடியோ பார்த்து வந்ததுதான், மறைக்க ஒன்றும் இல்லை. ஒரு கண்ணாடி ஜாடி. அடியில் கூழாங்கல், மேலே கரித்துண்டு, அதன்மேல் மண். ஈரம் விரும்புகிற, தரையோடு தரையாகப் படர்கிற செடிகளை அதில் நட்டு, அளவாக நனைத்து, இறுக மூடிவிட வேண்டும். பகலில் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் பூக்கும், குளிர்ந்ததும் வழிந்து மண்ணுக்கே திரும்பும். அதற்குள்ளேயே மழை, அதற்குள்ளேயே வெயில். வெளியிலிருந்து ஒருத்தர் கையும் உள்ளே போக வேண்டியதில்லை. எனக்கு வேண்டியிருந்தது அதுதான். யார் கையும் போக முடியாத ஓர் இடம், என் கண்முன்னால், எல்லாப் பக்கமும் கண்ணாடியாக.

ஜாடி கண்ணமங்கலத்தில் ஒரு டீக்கடைக்காரர் கொடுத்தது. பிஸ்கட் போட்டு வைப்பார்களே, கண்ணாடி மூடி போட்டது, அந்த ரகம். நாலு தடவை கழுவியும் வெண்ணெய் பிஸ்கட் வாசனை போகவில்லை. கூழாங்கல்லை ஓடையில் பொறுக்கினேன். கரி பள்ளிச் சமையலறை அடுப்பிலிருந்து வந்தது. மண் கீழே இறங்கிக் கல்லோடு கலந்துவிடாமல் இருக்கப் பழைய கொசுவலையை வட்டமாக வெட்டி நடுவில் போட்டேன். வேலூர் நர்சரியில் வாங்கியது ஒரே செடிதான். ஃபிட்டோனியா என்றார் நர்சரிக்காரர். உள்ளங்கை அளவுக்குக்கூட வளராத, தரையில் தவழ்கிற செடி. கரும்பச்சை இலையில் இளஞ்சிவப்பு நரம்பு பின்னிப் பின்னி ஓடும். ஈரம் குறைந்தால் செத்த மாதிரி மயங்கி விழும். இரண்டு சொட்டுக் கிடைத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். இத்தனை நாடகம் ஆடுகிற செடியை நான் பார்த்ததில்லை, அதனாலேயே பிடித்துப் போனது.

மிச்சத்தையெல்லாம் கொடுத்தது அக்காதான். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. எங்கள் பள்ளிச் சத்துணவில் சமைக்கிறவள். ஐம்பது வயது இருக்கும். புருஷன் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. கொஞ்சம் சாமை நிலம், நாலு புளியமரம், ஏழெட்டு ஆடு. நான் சேர்ந்த முதல் வாரமே, "இன்னா டீச்சரே, காலைலயே மூஞ்சி உர்ருன்னு கீது, நாஷ்டா துன்னியா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டு ஒரு கிண்ணம் சாமைச் சோற்றோடு வாசலில் நின்றவள். மலையில் நான் முதலில் சிரித்தது அவளிடம்தான்.

பாசி வேண்டும் என்று கேட்டேன். தன் நிலத்துக்கு மேலே, கோடையிலும் ஈரம் கசிகிற ஒரு பாறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே வெல்வெட் துணி மாதிரி ஒரு பாசி; நட்சத்திரம் நட்சத்திரமாக இன்னொன்று; பெரணி போலவே இருந்தாலும் நிமிராமல் தரையோடு படர்கிற ஒரு செடி. பாடப் புத்தகத்தில் அதற்குச் செலாஜினெல்லா என்று பெயர். அக்கா அதை ஈரப்பாய் என்றாள். எனக்கு அவள் வைத்த பெயர்தான் பிடித்தது. கத்தியில் நான் பெரிய துண்டாக வெட்டப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டாள். "கிள்ளி எடு. கம்பளி மாதிரி உரிச்சின்னா பாறைக்குக் குளுரும்" என்றாள். கிள்ளித்தான் எடுத்தேன்.

நீளமான மூங்கில் குச்சியில் ஸ்பூனைக் கட்டி, அரை நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் நட்டு முடித்தேன். இலை கண்ணாடியில் ஒட்டினால் அழுகிவிடும் என்பதால் ஃபிட்டோனியாவை நடுவில் வைத்தேன். மூடி, அன்றைய தேதியை ஒரு சீட்டில் எழுதி ஒட்டினேன். மறுநாள் காலையில் கண்ணாடி முழுக்கப் பனித்திருந்தது. பத்து மணிக்குத் தெளிந்தது. ஒழுங்காக ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பள்ளியில் கணக்கு டீச்சர், "உங்க சின்ன வீடு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, கேட்டது என்ன என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். முதலில் முறைத்தேன். அப்புறம் சிரித்துவிட்டேன். அந்தச் சொல்லை வைத்துச் சிரிக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அப்போதுதான் வேலூர் கோர்ட்டில் விவாகரத்து வழக்குக்குத் தேதி கொடுத்தார்கள். ஒரு வாரம் போய் வர வேண்டும். அறையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மழையில் ஓடு ஒழுகிக்கொண்டிருந்தது, எலி வேறு. ஜாடியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கே வந்துவிட்டேன். அவளும் வந்திருந்தாள். அன்றைக்குக் கீழே போகிற கடைசி பஸ். டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். ஜாடியை அவள் கையில் கொடுத்து நான் சொன்ன வார்த்தைகள் எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கின்றன. "அக்கா, வாரத்துக்கு உங்கிட்ட வுட்டுட்டுப் போறேன். பத்திரம். காயாது. அப்படியே காஞ்சா மட்டும் தண்ணி காட்டு."

'ஒரு' என்ற சொல்லை அவசரத்தில் விழுங்கிவிட்டேன். அவள் ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாரத்துக்கா? எங்கிட்டயா?" என்று கேட்டாள். அவள் முகம் மலர்ந்ததை நான் பஸ் படியிலிருந்து பார்த்தேன். ஒரு வாரம் ஜாடியைப் பார்த்துக்கொள்வதில் இவளுக்கு என்ன இவ்வளவு பெருமை என்று அப்போது நினைத்தேன்.

ஒரு வாரம் என்று போனது வாய்தாமேல் வாய்தாவாகி மூன்று வாரம் ஆகிவிட்டது. அங்கே நடந்ததை எழுதப் போவதில்லை. திரும்பி வந்தபோது நான் பாதி ஆளாக இருந்தேன் என்று மட்டும் சொல்லலாம். ஜாடி நன்றாக இருந்தது. ஃபிட்டோனியா மட்டும் கொஞ்சம் சின்னதாகிவிட்டது போலத் தோன்றியது. பாசி முன்பைவிடப் பசுமை. தண்ணி வேண்டியிருந்ததா என்று கேட்டேன். "நீ சொன்ன மாரியே பாத்துக்கினேன்" என்றாள். திறக்கவே வேண்டியிருக்கவில்லை என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன். வேறு எந்தப் பதிலையும் தாங்கும் நிலையில் அன்றைக்கு நான் இல்லை.

செடி சின்னதானதற்குக்கூட ஒரு விளக்கம் கண்டுபிடித்து ஏழாம் வகுப்பில் நடத்தினேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மூடிய இடத்துக்குத் தகுந்தபடி செடி தன்னைக் குறைத்துக்கொள்கிறது என்றேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் ஜாடி அக்கா வீட்டுக்குப் போனது. கண்ணமங்கலத்து வெயிலுக்கு அதைக் கொண்டுபோனால் வெந்துவிடும். போகும்போதெல்லாம் சொன்னதையே சொல்வேன், அவளும் தலையாட்டுவாள். ஜூனில் திரும்பி வருவேன், ஜாடி எனக்காகக் காத்திருக்கும், சீட்டில் பழைய தேதி அப்படியே இருக்கும். மூன்று வருஷம். விவாகரத்துக்காக யாராவது துக்கம் விசாரிக்க வந்தால் அவர்களுக்கு ஜாடியைக் காட்டுவேன். பார்த்தீர்களா, யாரும் தொடவில்லை, தானாகவே நிற்கிறது என்பேன். செடியைச் சொல்கிறேன் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

போன கார்த்திகையில் அக்கா இரண்டு நாள் சமைக்க வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். மூடுபனி விலகியதும் மாத்திரையும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். அந்த வீட்டுக்கு நான் பல தடவை போயிருக்கிறேன், ஆனால் முன்பக்கத்தோடு சரி. அன்றைக்குக் கதவு சாத்தியிருந்தது. பின்னால் ஆட்டுக்கொட்டகைப் பக்கமிருந்து இருமல் கேட்டது. சுற்றிக்கொண்டு போனேன்.

பலாமரத்து நிழலில் ஆடுகளுக்குத் தண்ணீர் வைக்கிற பழைய கல்தொட்டி ஒன்று, விரிசல் விட்டது. அதில் மண் நிரப்பியிருந்தது. மண் தெரியாமல் மூடியிருந்தது ஃபிட்டோனியா. கரும்பச்சை இலை, இளஞ்சிவப்பு நரம்பு. தொட்டியின் விளிம்பைத் தாண்டி வெளியே வழிந்துகொண்டிருந்தது. நடுவில் குறுக்காக ஒரு வரிசை ஓடைக்கல் பதித்திருந்தது.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், அதைச் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு அழகாகப் படர்ந்திருக்கிறது என்று ஒரு நொடி பூரித்தேன். அடுத்த நொடிதான் உறைத்தது. இந்த மலையில் இந்தச் செடி இல்லை. வேலூரிலிருந்து நான் கொண்டுவந்த ஒன்றே ஒன்றுதான். அதுவும் மூடிய ஜாடிக்குள் இருந்தது.

அக்கா ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். "இது ஏதுக்கா?" என்றேன்.

அவள் ஒரு தரம் தொட்டியையும் ஒரு தரம் என்னையும் பார்த்தாள். எப்படியும் ஒருநாள் காட்ட வேண்டியதுதானே என்பது போல மூச்சு விட்டாள். "உன்னுதுதான் டீச்சரே. இந்தாண்ட உன் பங்கு. கல்லுக்கு அந்தாண்ட என் பங்கு. மூணு ஈத்து ஆயிடுச்சி. ஒரு இலை கூட முன்ன பின்ன எடுக்கல, எண்ணிப் பாத்துக்க."

ஆடு குட்டி போடுவதைத்தான் ஈத்து என்பார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூடியைத் திறந்தாயா என்று கேட்டேன்.

"தொறக்காம எப்டி தண்ணி காட்டறது?"

"எவ்ளோ காட்டின?"

"வயிறு நெறைய."

பிறகு அவளே எல்லாவற்றையும் சொன்னாள். நான் வேலூருக்குப் போன இரண்டாம் வாரம், செடி மயங்கிப் படுத்ததாம். அதன் நாடகம் அவளுக்குத் தெரியாதே. மாட்டுக்கு எப்படிக் காட்டுவார்களோ அப்படி, வேண்டாம் என்று அதுவே முகத்தைத் திருப்புகிறவரை, இரண்டு சொம்பு ஊற்றியிருக்கிறாள். நாலே நாளில் பாசி கறுத்து, ஈரப்பாய் அழுகி, உள்ளே நாற்றம். தப்பித்தது ஃபிட்டோனியாவின் ஒரு கிளை மட்டும். அதைத் தொட்டியில் நட்டுப் பிழைக்க வைத்திருக்கிறாள். ஜாடியைக் கழுவி, கல்லும் கரியும் திரும்பப் போட்டு, பாறையிலிருந்து புதுப் பாசி கிள்ளி வந்து, பிழைத்த கிளையில் ஒரு நுனியை நடுவில் ஊன்றி, நான் வைத்த மாதிரியே வைத்துவிட்டாள். தேதிச் சீட்டு நனையாமல் இருக்க அதன்மேல் கையை வைத்துக்கொண்டே கழுவினாளாம். அதற்கப்புறம் ஒவ்வொரு கோடையிலும் மூடியைத் திறந்திருக்கிறாள், படர்ந்ததில் பாதியை எடுத்துத் தொட்டியில் நட்டு, கல்லுக்கு இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்திருக்கிறாள்.

"நீதானே வாரத்துக்கு வுட்டுட்டுப் போன" என்றாள்.

மலையில் ஆடு வளர்க்க முடியாதவர்கள் வளர்க்கிறவர்களிடம் வாரத்துக்கு விடுவார்கள். ஆடு இவருடையது, மேய்ப்பு அவருடையது, போடுகிற குட்டியில் ஆளுக்குப் பாதி. வளர்த்தவர் தப்பால் ஆடு செத்தால் அவரே தன் கொட்டகையிலிருந்து மாற்றாடு கொடுத்துவிட வேண்டும். நம்பிக்கையானவர்களிடம்தான் அப்படி விடுவார்கள். சொந்தத் தங்கையிடம்கூட விடாதவர்கள் உண்டு. பஸ் படியில் நின்று நான் சொன்ன வாரம் ஏழு நாள் கணக்கு. அவள் காதில் விழுந்த வாரம் வேறு.

இதையெல்லாம் இப்போது நிதானமாக எழுதுகிறேன். அன்றைக்கு அங்கே நின்றபோது எனக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஜாடி முதல் மாதமே செத்துவிட்டது. மூன்று வருஷமாக நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது வேறு ஏதோ ஒரு ஜாடி. எல்லாரிடமும் நான் சொன்னது பொய், அந்தப் பொய் எனக்கு மட்டும் தெரியாது. இரண்டாவது முறையாக, என் மூக்குக்கு முன்னால் இருந்த விஷயத்தைக் கடைசியில் தெரிந்துகொள்கிற முட்டாள் நான்.

"எனக்கே தண்ணி காட்டிட்டியேக்கா" என்று கத்தினேன்.

"நீதானே காட்டச் சொன்ன" என்றாள். அவள் கேலி செய்யவில்லை, ஏமாற்றுவதற்கும் அந்த வார்த்தையைச் சொல்வார்கள் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு ஓடவில்லை. எனக்கு அது கேலியாகத்தான் விழுந்தது.

"செத்துப் போச்சின்னு ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "கோர்ட்டுலேர்ந்து வந்த உன் மூஞ்சிய பாத்தேன். அதுல போய் இத வேற சொல்லணுமா? அப்பறமா சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ ஊரெல்லாம் சொல்லிட்ட."

சொல்லலாம்னுதான் இருந்தேன். அதே வார்த்தை. உலகத்தில் எத்தனையோ வார்த்தை இருக்க, அதே வார்த்தை.

"நீயும் அந்தாளும் ஒண்ணுதான்" என்றேன்.

எந்த ஆள் என்று அவளுக்குத் தெரியும். நான் முழுக் கதையையும் சொல்லி அழுதது அவள் ஒருத்தியிடம்தான். நான் மாத்திரையைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ரொட்டியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன் என்பது பாதி வழியில்தான் தெரிந்தது.

இதற்கு மூன்றாம் நாள் பள்ளியைப் பார்வையிட ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. தலைமையாசிரியர் என் ஜாடியைப் பற்றி முன்பே அவரிடம் அளந்து வைத்திருந்தார். அதைப் பிள்ளைகளை வைத்து விளக்கச் சொல்லியிருந்தார். ஜாடி உடைந்துவிட்டது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றும் யோசித்தேன், இதை எழுதும்போது பொய் சொல்ல மாட்டேன். அது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை: 'இடையில் திறக்க வேண்டியதாயிற்று சார்.' அவ்வளவுதான். யார் தலையும் போகாது. கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சொல்லிக்கூடப் பார்த்தேன்.

அதிகாரி நல்ல மாதிரி. கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து, பாசியைப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி "அடடா" என்றார். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆவியாதலையும் நீர் திரும்புவதையும் தடங்கல் இல்லாமல் சொல்லி முடித்தாள். அவர் தேதிச் சீட்டைப் படித்துவிட்டு என்னிடம் திரும்பினார். "நெஜமாவே தொறக்கலையாம்மா?"

வகுப்பே என்னைப் பார்த்தது. "இல்லைங்க சார். மூணு வருஷம். ஒரு தடவைகூட" என்றேன்.

அப்போது அக்கா டீ டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றிருந்தாள். காய்ச்சல் விட்டு அன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தாள். அதிகாரி விளையாட்டாக அவளிடம், "இன்னாம்மா, யாருக்கும் தெரியாம டீச்சர் தண்ணி ஊத்தறாங்களா? நீ பாத்துருப்பியே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். "இல்லீங்கய்யா. நான் பாத்துக்கினுதான் கீறேன். யாரும் தொறக்கல" என்றாள்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் என்னைக் காப்பாற்றியது எனக்கு நன்றியாக வரவில்லை, அவமானமாக வந்தது. அவள் கையில் நான் மாட்டிக்கொண்டேன் என்றுதான் தோன்றியது. அந்த ஜாடியை இனி ஒரு நாளும் பார்க்கக் கூடாது என்று இருந்தது. எனவே, இது மாதிரி ஒன்று தன் அறையில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அதிகாரி சொன்னதும், ஜாடியை இரண்டு கையாலும் தூக்கி, "இதையே எடுத்துக்கிட்டுப் போங்க சார்" என்று நீட்டினேன்.

அவர் வேண்டாம் வேண்டாம் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார். ஜீப்பில் முன் சீட்டில் வைத்து, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் துண்டைச் சுருட்டி வைத்தார். ஜீப் கிளம்பும்போது அக்கா சமையலறைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாரத்துக்கு விட்ட ஆட்டை வளர்க்கிறவரைக் கேட்காமல் இன்னொருவருக்குக் கொடுக்கிற வழக்கம் இந்த மலையில் கிடையாது. அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், அவ்வளவு ஆத்திரம்.

மறுநாள் காலை கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். அக்கா ஓர் அலுமினியத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். தொட்டியில் என் பக்கத்துப் பாதியை வேரறுபடாமல் பாளமாகப் பெயர்த்து எடுத்து, ஈரத் துணி சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். பனியில் நடந்து வந்ததில் இலைகளும் அவள் தலைமுடியும் ஒரே மாதிரி நனைந்திருந்தன.

"உங்க பங்குங்க டீச்சர். சரியா கீதான்னு பாத்துக்குங்க. வாரம் முடிஞ்சிதுங்க."

அந்த 'ங்க' என் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. உள்ளே வா அக்கா என்றேன். பள்ளி அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். பள்ளிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் நேராகச் சொன்ன முதல் பொய் அதுதான்.

அந்தத் தட்டை என்ன செய்வது என்று தெரியாமல் ஜன்னலோரம் வைத்தேன். காற்று பட்டு மதியத்துக்குள் எல்லா இலையும் மயங்கித் தொங்கியது. தண்ணீர் தெளித்தேன், பாதி எழுந்தது. வேறு ஜாடி வாங்கி நட்டேன். இப்போதும் இருக்கிறது. மூடி போடுவதில்லை. யாராவது கேட்டால், திறந்து திறந்து தண்ணீர் விட்டுத்தான் வளர்க்கிறேன் என்கிறேன். யாருக்கும் அதில் சுவாரசியம் இல்லை.

ஏமாந்தது நான்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். மூன்று வருஷம் ஒருத்தர் என்னிடம் உண்மையை மறைத்தார் என்றால் அதற்கு வேறு பெயர் கிடையாது, எந்த ஊர் வழக்கமும் அதை மாற்றாது. ஆனால் செத்ததற்குப் பதில் உயிருள்ளதைக் கொண்டுவந்து வைத்தவள் அவள். அதிகாரி முகத்துக்கு நேராகக் கேட்டபோது கூசாமல் 'திறக்கவில்லை' என்று சொன்னவள் நான், அதற்குச் சாட்சி சொல்லும்படி அவளை நிற்க வைத்தவளும் நான்.

சத்துணவைப் பிள்ளைகளுக்குப் போடுமுன் ஒரு டீச்சர் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது பள்ளி ஒழுங்கு. எங்கள் பள்ளியில் அந்த வேலை என்னுடையது. தினமும் பன்னிரண்டே காலுக்கு ஒரு தட்டில் கொஞ்சம் சாதமும் சாம்பாரும் வைத்துக் கொண்டுவந்து மேஜைமேல் வைப்பாள். "ருசி பாத்து சொல்லுங்க டீச்சர்" என்பாள். சாப்பிட்டுவிட்டு, உப்பு சரியாக இருக்கிறது என்பேன். "சரிங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு போவாள். முன்பெல்லாம் நான் சொன்னதுமே பரிமாறிவிடுவாள். இப்போது சமையலறைக்குள் நுழைந்ததும், எனக்கு முதுகைக் காட்டி நின்று, கரண்டியிலிருந்து ஒரு துளியை உள்ளங்கையில் விட்டுத் தானும் நக்கிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் பிள்ளைகளுக்குப் பரிமாறத் தொடங்குவாள்.